அத்தானின் லாரிக்கு எண்ணெய் போட்ட கதை

1.

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், எழுதச் சொன்னார். அவர் லாரி ஓட்டுகிறவர். நான் எழுதிய எதையும் படித்தவரல்ல. என் முதல் புத்தகம் அவருடைய லாரியில் டேஷ்போர்டு ஆடாமலிருக்க இடுக்கில் சொருகப்பட்டிருக்கிறது. (அந்தப் புத்தகத்தால் உலகத்துக்குக் கிடைத்த ஒரே உறுதியான பயன்.) அப்படிப்பட்டவர் "எழுதிடு மாப்ளே" என்றால் காரணம் இருக்க வேண்டும்.

காரணம் இதுதான். அவருக்குக் காது கேட்பதில்லை. அதை அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. நான் எழுதுவதற்கெல்லாம் முதலில் எழுத்துப்பிழை பார்ப்பவள் அக்கா. ஆகவே ஒரு கதைக்குள் வைத்துச் சொல்லிவிடலாம் என்பது அத்தானின் ஏற்பாடு. திங்கட்கிழமை லோடு இருக்கிறது. அதற்குள் எழுதி, அவள் கையில் கொடுத்தாக வேண்டும்.

இரண்டாவது பத்தியிலேயே முடிச்சை அவிழ்த்துவிட்டேன். கெட்டிக்கார எழுத்தாளன் கடைசிப் பக்கம்வரை இழுத்திருப்பான். நான் ஒரு கதைக்கு மாதக்கணக்கில் எடுத்துக்கொள்பவன், இன்று சனிக்கிழமை.

2.

தொடக்கங்கள்:

"துருவேறிய கதவு, ஒரு தாம்பத்தியத்தைப் போல" — அடித்துவிட்டேன். அக்கா படித்தால் அந்த வீட்டில் எனக்குத் தண்ணீர்கூடக் கிடைக்காது.

"அந்த லாரிக்கு ஓர் ஆன்மா" — இதையும் முடிக்கவில்லை. லாரிக்கு எஞ்சின் இருக்கிறது, அதுவே சில நாள் சந்தேகம்.

"அன்று கிடங்கில்" — பரவாயில்லை. நடந்ததையே சொல்லிவிடுகிறேன், அலங்காரம் வந்தால் வரட்டும்.

3.

அன்று கிடங்கில் அத்தான் லாரியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். லாரி பின்னால் வரும்போது லோடுமேன் பின்பக்கம் நின்று பாடியின் பலகையைக் கையால் தட்டுவார். தட்டிக்கொண்டே இருந்தால் வரலாம். ஓங்கி ஒரே அடி விழுந்தால் நிற்க வேண்டும். டிரைவர்கள் கண்ணாடியைவிட இந்தத் தட்டலைத்தான் நம்புவார்கள். அத்தானின் லோடுமேன் தட்டுகிற அழகுக்கு அவருக்குத் தவில் என்றே பேர் விழுந்துவிட்டது.

தவில் ஓங்கி அடித்தார். லாரி நிற்கவில்லை. மறுபடி அடித்தார். லாரி வந்துகொண்டே இருந்தது. அவர் பக்கவாட்டில் குதித்தார். அவர் நின்ற இடத்துக்குப் பின்னாலிருந்த மரப்பெட்டிகள் சுவரோடு சுவராக நொறுங்கின.

அத்தான் இறங்கி வந்து பார்த்தார். "பிரேக் பெடல் இறுகிப்போச்சு" என்றார். பழைய லாரி என்பதால் எல்லோரும் நம்பினார்கள். பழியை ஏற்றுக்கொள்ள அதைவிடத் தோதான ஆள் அங்கே இல்லை.

வீட்டில் அக்கா தீர்ப்புச் சொன்னாள்.

"இறுகிக் கெடக்கறது, கத்தறது, எல்லாத்துக்கும் எண்ணெய் போடுங்க. டேய், நீயும் கூடப் போ. தனியா விட்டா இவரு பாதியில தூங்கிடுவாரு."

"எனக்குக் கட்டுரை ஒண்ணு இருக்குக்கா."

"அது எங்க ஓடிடப்போகுது."

4.

(இந்தப் பகுதியை எழுதாமலிருக்க மேசையைத் துடைத்தேன், நகம் வெட்டினேன். இப்போது வேறு வழியில்லை.)

லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். கிரீஸ் கன் என்பது கையால் அழுத்துகிற பெரிய ஊசி மாதிரி. அதன் வாயைப் பொருத்துகிற சின்னக் குமிழ் நிப்பிள். நான் நேராகப் பொருத்தப் போனேன்.

"தொடச்சுட்டு வை மாப்ளே. மண்ணையும் சேத்து உள்ள ஏத்திடாத. பழசு கறுப்பா வெளிய வந்து, புதுசு தெரியற வரைக்கும் அழுத்து."

இந்த வாக்கியத்தை வாழ்க்கைத் தத்துவமாக்கக் கை பரபரத்தது. அதற்குள் பழையது வெளியே வந்து என் நெற்றியில் விழுந்தது. தத்துவம் அத்தோடு சரி.

பிறகு பிரேக் பெடலுக்கு வந்தோம். அழுத்திப் பார்த்தேன். வெண்ணெயாக இறங்கியது. முன்பே எண்ணெய் விட்டிருப்பார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.*

கடைசியாக டிரைவர் பக்கக் கதவு. அத்தான் கீல்களில் எண்ணெய் விட்டார், இரண்டு தடவை ஆட்டினார், "போச்சு" என்றார். போகவில்லை. கதவு ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது.

"இன்னும் கத்துதே அத்தான்."

"லேசா" என்றார் என் வாயைப் பார்த்தபடி.

எண்ணெய் டப்பாவை எடுக்க அவர் திரும்பினார். நான் கதவை முழுக்கத் திறந்து, மெதுவாகச் சாத்தினேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்து ஒரு முகம் எங்களைத் திட்டியது. அத்தான் திரும்பவில்லை. டப்பாவின் மூடியை நிதானமாகத் திருகிக்கொண்டிருந்தார்.

[இங்கே ஓர் உவமைக்கு இடம் விட்டிருந்தேன். வேண்டாம்.] அவரைச் சுற்றிப் போய் எதிரில் நின்றேன்.

"எப்பலேர்ந்து?"

அவர் ஏமாற்ற முயலவில்லை.

"தெரியல. கொஞ்சம் கொஞ்சமாத்தான் போச்சு. தவில் தட்டினது எனக்குக் கேக்கவே இல்ல மாப்ளே. பெடல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. அவன் மட்டும் குதிக்கலேன்னா..."

அந்த வாக்கியத்தை அவரும் முடிக்கவில்லை.

"அக்காவுக்குத் தெரியாதா?"

"எதிர்ல நின்னு பேசினா வாயப் பாத்துப் புரிஞ்சுக்குவேன். உள்ளேர்ந்து பேசினா, எல்லாத்துக்கும் சரின்னுடுவேன்."

(சமீப காலமாக இவரிடம் எதிர்ப்பேச்சே இல்லை என்று அக்கா என்னிடம் பெருமைப்பட்டதை நான் அவரிடம் சொல்லவில்லை.)

"சொல்லிடுங்க அத்தான்."

"சொன்னா சாவிய வாங்கி வச்சுடுவா. வாங்கி வைக்கத்தான் வேணும். ஆனா என் வாயால வரமாட்டேங்குது. நீ எழுதிடு. நீ எழுதறது எல்லாம் பொய்தான, அதுக்கு நடுவுல வச்சா இதுவும் பயமில்லாம வந்துடும்."

என் எழுத்தைப் பற்றி இதுவரை வந்த விமரிசனங்களில் இதுதான் சுருக்கமானது.

* நான் நுணுக்கமாகக் கவனிப்பவன் என்று புத்தகத்தின் பின்னட்டையில் போட்டிருக்கிறது. போட்டவன் நான்தான்.

5.

எழுதுவானேன், நேரில் சொல்லிவிடலாமே என்று கேட்பீர்கள். போனேன். "அக்கா" என்றேன். "என்னடா" என்றாள். "கதவுச் சத்தம் போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு வந்தேன். சத்தம்கூடப் போகவில்லை. எங்கள் வீட்டு ஆண்களின் வீரம் இந்த அழகில் இருக்கிறது.

முடிவுகள்:

அ) மருத்துவர் ஒரு கருவி தருகிறார், காது திரும்பிவிடுகிறது, எல்லாம் சுபம். மருத்துவரைப் பார்க்காமலே எழுதக்கூடிய முடிவு என்பதால் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

ஆ) அக்கா கையெழுத்துப் பிரதியைச் சுருட்டி என்னை அடிக்கிறாள். இதற்கு வாய்ப்பு அதிகம்.

இ) நான் எழுதி முடிக்கவில்லை. திங்கட்கிழமை கிடங்கில் அத்தான் லாரியைப் பின்னால் எடுக்கிறார். தவில் ஓங்கி ஓர் அடி

இதற்கு மேல் எழுத முடியவில்லை. பயமாக இருந்தது. அதனால்தான் மற்றதையெல்லாம் எழுதி முடித்தேன்.

6.

வாசகரே, வழக்கப்படி முடிவை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நழுவியிருப்பேன். இந்த முறை அதற்கு வழியில்லை. அக்கா பிழைதிருத்தும்போது கடைசி வரியிலிருந்து பின்னோக்கித்தான் படிப்பாள். அப்போதுதான் கதையில் மயங்காமல் பிழை கண்ணில் படுமாம். (என் கதையில் மயங்கும் ஆபத்து இருப்பதாக நம்பும் ஒரே ஜீவன் அவள்.) எனவே உங்களுக்கு முடிவாக இருப்பது அவளுக்குத் தொடக்கம். இந்தக் கடைசிப் பத்தியை மட்டும் அவளுக்கு விட்டுவிடுங்கள்.

அக்கா, பேனாவைக் கீழே வை. பிழைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நீ படித்து முடிக்கும்வரை அத்தான் வெளியே லாரியில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். வாசலில் நின்று கூப்பிடாதே, அவருக்குக் கேட்காது. எழுந்து பக்கத்தில் போ.