மூடிக்கு அடியில்

தம்பியின் படகு எஞ்சினை வாங்க ஆள் பார்த்துவிட்டேன். பிலிமத்தலாவையில் பழைய இரும்பு எடுக்கிறவர். ஓடாத எஞ்சினை ஓடுகிற எஞ்சின் என்று நான் சொல்வதும், ஓடுகிற எஞ்சினைக்கூட ஓடாது என்று அவர் சொல்வதுமாக இரண்டு நாள் பேசி முடித்திருந்தோம். கிருஷாந்திதான் இறங்கி வரவில்லை.

"இன்னைக்கு ஒரே ஒரு தடவ ஓட்டிப் பாப்போம் அத்தான். ஒரு மணித்தியாலம் நிக்காம ஓடுனா போட் எங்கிட்ட இருக்கட்டும். நின்னா நீங்க சொல்றபடி குடுத்துருவோம்."

கிருஷாந்தி என் தம்பி யோகராஜின் மனைவி. கல்யாணமாகி வந்தபோது தேங்காய்க்குக்கூட விலை குறைத்துக் கேட்கத் தெரியாது. பதினொரு வருடம் எங்கள் வீட்டில் இருந்ததில் தேறிவிட்டாள்.

விக்டோரியா நீர்த்தேக்கத்தின் திகனப் பக்கத்துக் கரையில் அந்தப் படகில் வெள்ளைக்காரர்களை ஏற்றிச் சுற்றிக் காட்டுவதுதான் யோகராஜின் தொழில். மூன்று மாதத்துக்கு முன் ஒரு காலையில் அக்கரையிலிருந்து தனியாகத் திரும்பும்போது நடுத்தண்ணீரில் எஞ்சின் நின்றது. மீன் பிடிக்கிறவர்கள் போய்ப் பார்த்தபோது ஸ்டார்ட் கயிறு அவன் கையில் சுற்றியிருந்தது. மூச்சு இல்லை. இதயம் ஏற்கெனவே பலவீனம், இழுத்து இழுத்துத்தான் இப்படியாகியிருக்கும் என்றார் டொக்டர். எஞ்சினைப் பார்க்காமல் விட்டான், அதுதான் ஆளைக் கொண்டு போய்விட்டது என்றது ஊர்.

செத்த வீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் நான்தான் சோடா கொடுத்தேன். அன்றிலிருந்து எனக்கு எதுவும் உறைப்பதில்லை, கொச்சிக்காய்த் தூள்கூட. வத்தேகமவில் எங்கள் பலசரக்குக் கடையில் வாடிக்கையாளர்களை இன்னும் சிரிக்க வைக்கிறேன். அது முன்பே வாங்கி வைத்த சரக்கு, இன்னும் தீரவில்லை.

எஞ்சினுக்கு வந்த நோய் போன வருடம் தொடங்கியது. ஸ்டார்ட் ஆகும், இருபது இருபத்தைந்து நிமிடம் நன்றாக ஓடும், இருமும், நிற்கும். பெற்றோல் தீர்ந்துவிட்டதோ என்று, படகில் தனியாகத் தூக்கி வைக்கும் டாங்கியைத் திறந்து பார்ப்போம். பாதிக்கு மேல் இருக்கும். மூடிவிட்டு இழுத்தால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி ஓடும். திகன மெக்கானிக் நபீல் பிளக்கை மாற்றினார், கார்புரேட்டரை இரண்டு தரம் கழுவினார், ஃபில்டரைப் புதிதாகப் போட்டார். அவருடைய பட்டறையில் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் இறக்கி, அவருடைய கேனிலிருந்து பெற்றோல் கொடுத்தால் மணிக்கணக்காக ஓடும். தண்ணீரில் இறங்கினால் நிற்கும்.

"எனக்கு நீந்தத் தெரியா மொதலாளி," என்று இத்தனை நாளும் படகில் ஏறாமல் தப்பித்துவந்த நபீலை, இந்தச் சோதனை ஓட்டத்துக்குக் கிருஷாந்தி பிடித்து ஏற்றிவிட்டாள். லைஃப் ஜாக்கெட்டை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அப்படியே கவுந்தாலும் நீங்க முங்க மாட்டீங்க நபீல். அணைக்கட்டு வரைக்கும் மெதந்து போயிருவீங்க," என்றேன்.

"பகிடி வாணாம் மொதலாளி. எனக்கு மூணு புள்ள ஈக்குது."

கிருஷாந்தி ஓட்டினாள். இருபத்திரண்டாவது நிமிடம் எஞ்சின் இருமியது, நின்றது. எனக்குத் துக்கமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. பிலிமத்தலாவைக்கு எத்தனை மணிக்குப் போன் எடுக்கலாம் என்று மட்டும் நினைத்தேன். வழக்கம்போல டாங்கியின் மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு வந்தது.

"நில்லுங்க! அது என்ன சத்தம்?" என்றார் நபீல்.

"எப்பவும் வர்றதுதான்."

"எப்பவுமா? ஏன் எனக்கிட்ட செல்லல்ல?"

"எஞ்சின்ல வர்ற சத்தத்தத்தானே நீங்க கேட்டீங்க. இது டாங்கியில வர்றது."

நபீல் தண்ணீர்ப் பயத்தை மறந்து முழங்காலில் ஊர்ந்து வந்தார். பெற்றோல் குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் பந்து, சாறு பிழிந்த தேசிக்காய்போலச் சப்பிக் கிடந்தது. "பாருங்க. பெற்றோல் போகப் போக டாங்கிக்குள்ள காத்து வரணும். அதுக்குத்தான் மூடியில ஓட்ட ஈக்குது. காத்து வராட்டி பெற்றோலும் வராது. நீங்க தொறந்தா காத்துப் போகும், ஓடும். மூடினா திரும்ப அதே கதைதான்."

மூடியை என் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்தார். உள்ளே நகத்தால் கிள்ளி ஒரு பொலித்தீன் துண்டை உரித்தெடுத்தார். மூடியோடு ஒட்டி, அதன் தோல்போல ஆகியிருந்தது.

"யாரு வேல இது?"

சொப்பிங் பையிலிருந்து கிழித்த செம்மஞ்சள் துண்டு. அதில் எங்கள் கடைப் பெயரில் பாதி இருந்தது.

"நான்தான்," என்றேன். "போன வருசம் யோகராஜ் ஆட்டோவ வித்ததுல இருந்து பெற்றோல் நான்தானே கொண்டாரேன். திகனைக்குச் சரக்குப் போடுற வான்ல, அரிசி மூட்டைக்குப் பக்கத்துல வர்ற டாங்கி. அரிசியில வாசம் ஏறுனா திருப்பி அனுப்பிருவாங்க. அதான் வாசம் வராம அடைச்சு வச்சேன்."

மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய், எதுவானாலும் எங்கள் கடையில் மூடி என்றால் அடியில் ஒரு துண்டு பொலித்தீன் இருக்கும். நானும் தம்பியும் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து பார்த்தது. அவனும் எத்தனையோ தடவை இந்த மூடியைத் திறந்திருப்பான். மூடிக்குக் கீழே பொலித்தீன் இருப்பது அவன் கண்ணுக்கும் வித்தியாசமாகத் தெரிந்திருக்காது. அன்று மூடியைத் திறந்து பார்ப்பதற்கு முன் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறான்.

கிருஷாந்தி அந்தத் துண்டை வாங்கிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். படித்தாள்.

"அவரு பாக்காம விட்டாருன்னாங்க," என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

நபீல் தன் ஜாக்கெட்டின் கொளுக்கியைக் கழற்றினார், பிறகு மறுபடி மாட்டினார். பொலித்தீன் இல்லாத மூடியை டாங்கியில் திருகி மூடினார்.

"மொதல்ல இருந்து ஓட்டுவோம்," என்று கிருஷாந்தி மணியைப் பார்த்துக்கொண்டாள். ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது.

பதினைந்து நிமிடம் ஆனது. இருபது ஆனது. நிற்க வேண்டும் என்று நான் விரும்பினேன். ஒரே ஒரு தரம் இருமினால் போதும், வேறு ஏதோ கோளாறு என்றாகிவிடும். அந்தப் பொலித்தீன் வெறும் பொலித்தீன் ஆகிவிடும். என் வாழ்நாளில் ஒரு சாமான் கெட்டுப்போக வேண்டும் என்று இப்படி மனதுக்குள் பேரம் பேசியது இல்லை. இருபத்திரண்டு. இருபத்தைந்து. நாற்பது. ரப்பர் பந்து உருண்டையாகவே இருந்தது. அக்கரைக்குப் போனோம், திரும்பினோம். தம்பி நின்ற இடம் எதுவென்று எனக்குத் தெரியாது; எல்லா இடமும் ஒரே தண்ணீர். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஏழு நிமிடம் ஓடியது. கிருஷாந்தியே கரையில் நிறுத்தினாள்.

வழக்கம்போல டாங்கியைக் கடை வானுக்குள் ஏற்றத் தூக்கினேன். அவள் கைப்பிடியில் கை வைத்தாள்.

"இருக்கட்டும் அத்தான். இனிமே பெற்றோல் நானே வாங்கிக்கிறேன்."

"சரி புள்ள," என்றேன்.

வத்தேகம வரை அரிசி மூட்டைகளோடு வந்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒருமுறை முகர்ந்து பார்த்தேன். பெற்றோல் வாசம் கொஞ்சமும் இல்லை.