ஆறு நிமிடத்தில் இடப்புறம்

"இந்த சீட்டை மனுஷங்க உக்கார்றதுக்குத்தான் செஞ்சாங்களா?" என்று கேட்டாள் அண்ணி. கிளம்பி இருநூறு மீட்டர்கூட ஆகவில்லை.

"பழகிடும் அண்ணி."

"எது? சீட்டா, நானா?"

பின்னால் இன்னொரு சைக்கிளில் வந்துகொண்டிருந்த நாத்தனார் சிரித்தாள். அவளுக்கு மீட்டர் என்று பெயர் வைத்தவளே அண்ணிதான். எதைக் கண்டாலும் அளப்பாள். வீட்டிலிருந்து கடைக்கு எத்தனை அடி, குளிக்க எத்தனை நிமிடம், ஒரு டம்ளர் பாலுக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை, எல்லாம் அவளுக்குத் தெரியும். காரும் லாரியும் எட்டிப் பார்க்காத சைக்கிள் வழிகளைப் பற்றி எழுதுவது அவள் வேலை. தண்டவாளம் பெயர்த்த பழைய ரயில் பாதை, ஆற்றங்கரை, இரண்டு மலைக்கு நடுவே ஒரு சந்து. பச்சை அட்டை போட்ட புத்தகம், பன்னிரண்டு வழிகள். நன்றாக விற்றது.

பிறகு கடிதங்கள் வந்தன. முக்கால்வாசி ஒன்பதாம் வழியைப் பற்றி. ‘சுலபம் என்று போட்டிருக்கிறீர்கள். சுலபமும் இல்லை, வழியும் இல்லை’ என்று எழுதியிருந்தார் ஒருவர்.

"ஜனங்களுக்குப் படிக்கத் தெரியலை" என்றாள் மீட்டர், பதிப்பாளரிடம்.

பதிப்பாளர் சாதுவான மனிதர். சாதுவாகவே கழுத்தில் கத்தியை வைத்தார். பத்து வருடமாகச் சைக்கிளைத் தொடாத ஒருவர், கையில் புத்தகம் மட்டும் வைத்துக்கொண்டு, ஒன்பதாம் வழியில் காலை பதினோரு மணிக்குக் கிளம்பி, அது முடிகிற துறையில் மாலை நான்கு மணிப் படகைப் பிடிக்க வேண்டும். மீட்டர் கூடவே போகலாம். ஆனால் வழியைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. படகைப் பிடித்தால் இரண்டாம் பதிப்பு அவளுடையது. பிடிக்காவிட்டால் புத்தகத்தைத் திருத்துகிற வேலை வேறு ஆளுக்குப் போகும்.

குடும்பம் முழுக்கத் தேடியதில் அண்ணிதான் அகப்பட்டாள். தையற்காரி. பதினெட்டு வருடமாக அவள் கால் மிதித்தது தையல் மெஷினை மட்டும்தான். "அவளையா? நல்லா யோசிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு அண்ணன் டயருக்குக் காற்றடித்துக் கொடுத்தார்.

ரயில் பாதை வரைக்கும் கவலையில்லை. மேடு பள்ளம் இல்லாமல் துணி விரித்த மாதிரி கிடந்தது. இரண்டு பக்கமும் புதர். அண்ணிக்குப் பத்தாவது நிமிடத்தில் பழைய பழக்கம் திரும்பி வந்தது. இருபதாவது நிமிடத்தில் ஒரு கையை விட்டு ஓட்டினாள். முப்பதாவது நிமிடத்தில் புதருக்குள் போனாள்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "பழம் இருக்கான்னு பார்த்தேன்."

ரயில் பாதை முடிந்து மலை தொடங்கியது. அண்ணி இறங்கி நின்று புத்தகத்தைப் பிரித்தாள்.

"‘இங்கிருந்து மெல்லிய ஏற்றம். பேச்சு தடைபடாது.’"

அண்ணாந்து பார்த்தாள். பாதை வளைந்து, மறைந்து, நெடுந்தூரம் மேலே மறுபடி தலைகாட்டியது.

"மெல்லிசாம்" என்றாள். ஏறி மிதித்தாள். முதல் வளைவில் மூச்சு வாங்கியது. இரண்டாவது வளைவில் இறங்கித் தள்ளினாள். "பேச்சு... தடை... படாதா? யாரு... பேச்சு?"

மீட்டருக்குக் காது சூடாகியது. அந்த வரி அவளுக்கு ரொம்பப் பிடித்த வரி. தனியாக வந்த அன்று, மிதித்துக்கொண்டே மனதுக்குள் எழுதியது. அன்று அவளோடு பேசுவதற்கு யாரும் இருக்கவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

மேலே போய்ச் சேர்ந்ததும் அண்ணி ஒரு பாறையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்தாள். ஒரு விள்ளலை நாத்தனாருக்கு நீட்டினாள்.

"தப்பா எடுத்துக்காத. உன் உடம்புக்கு அளவெடுத்து ஊருக்கே சட்டை தச்சிருக்க நீ."

"எல்லாருக்கும் தனித்தனியா எழுத முடியுமா அண்ணி?"

"முடியாதுதான். ஓரத்துல கொஞ்சம் துணி விட்டுத் தைக்கலாமில்ல? வேணுங்கிறவங்க பிரிச்சுக்குவாங்க."

மீட்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று ஐம்பது. இனி இறக்கம். பாலம். பிறகு படகுத்துறை. நேரம் கைமீறவில்லை.

இறக்கத்தில் அண்ணி பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டே வந்தாள். கீழே ஆறு தெரிந்தபோது கத்தினாள். வார்த்தை ஒன்றுமில்லை, வெறும் சத்தம். எதிர்க்கரையிலிருந்து அது திரும்பி வந்தது. அவளுக்குக் குஷி தாங்கவில்லை. மறுபடி கத்தினாள். மூன்றாவது தடவை மீட்டரும் சேர்ந்து கத்தினாள். அது வழியைப் பற்றிய பேச்சில் சேராது.

பாலத்தைத் தாண்டி அண்ணி நின்றாள். புத்தகத்தைத் திறந்து, விரலை வைத்து, சத்தமாகப் படித்தாள்.

"‘பாலம் தாண்டி ஆறு நிமிடத்தில் இடப்புறம் பிரியும் பாதையில் திரும்பவும்.’ மணி என்ன?"

"ரெண்டு முப்பத்திரண்டு." மணி சொல்வது தப்பில்லை.

ஆற்றங்கரையில் நிதானமாகப் போனாள். ஒரு கொக்கைப் பார்க்க வேகத்தைக் குறைத்தாள். கரையோரம் இடப்பக்கம் புல் மூடிய ஒரு பாதை பிரிந்து மலைமேல் ஏறியது. அண்ணி நின்று, நாத்தனாரின் கைக்கடிகாரத்தை எட்டிப் பார்த்தாள். தலையை ஆட்டிக்கொண்டாள். திரும்பினாள்.

மீட்டர் வாயைத் திறந்தாள். இது இல்லை. திரும்ப வேண்டிய இடம் இன்னும் ஒரு கிலோமீட்டருக்கு மேல். ஒரே ஒரு வார்த்தை போதும்.

கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு முப்பத்தெட்டு. சரியாக ஆறு நிமிடம்.

வாயை மூடிக்கொண்டாள். அண்ணி எழுத்துப் பிசகாமல் நடந்திருந்தாள். அந்த ஆறு நிமிடம் மீட்டருடைய ஆறு நிமிடம். அவள் காலுக்கு, அவள் மூச்சுக்கு, கொக்கைப் பார்க்காத அவள் கண்ணுக்கு. பன்னிரண்டு வழியிலும் இப்படித்தான் எழுதியிருந்தாள். நாலு நிமிடத்தில் வலப்புறம். பத்து நிமிடத்தில் ஒரு மதகு.

அவளும் பின்னாலேயே ஏறினாள்.

பாதை மோசம். தள்ளிக்கொண்டுதான் போனார்கள். முக்கால் மணி நேரம். உச்சியில் ஓர் ஆட்டுப்பட்டியும் கம்பி வேலியும். வேலிக்கு வெளியே பழைய கதவுப் பலகையில் செய்த ஒரு பெஞ்ச். பக்கத்தில் ஒரு குழாய், சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப், ஒரு அட்டை: ‘வழி தப்பியவர்கள் உட்காரலாம்.’

பட்டிக்குள்ளிருந்து ஆட்டுக்காரர் நிமிர்ந்தார்.

"பச்சை அட்டையா?" என்றார்.

"ஆமா" என்றாள் அண்ணி.

"உக்காருங்க. தண்ணி குளுகுளுன்னு இருக்கும்."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"வாரத்துக்கு நாலு பேரு வர்றாங்கம்மா. எல்லாரும் அதே புத்தகம். எல்லாரும் அதே மூஞ்சி." அவர் வேலியில் சாய்ந்துகொண்டார். "மொதல்ல நின்னுக்கிட்டே திட்டினாங்க. பாவமா இருந்துச்சு. பெஞ்ச் போட்டேன். அதுக்கப்புறம் உக்காந்து திட்டறாங்க. கொஞ்ச நேரத்துல திட்டறதை விட்டுட்டு அதைப் பார்ப்பாங்க."

கையைக் காட்டினார். ஆறு முழுசாக, ஆறு வளைவுகளோடு, கண்ணுக்கெட்டும் வரை கிடந்தது. அதன் ஓரமாக வந்த பாதை வெள்ளை நூல் மாதிரி. கடைசியில் படகுத்துறை, விரல் நகம் அளவு. ஒன்பதாம் வழியில் மீட்டர் பதினோரு தடவை வந்திருக்கிறாள். இதைப் பார்த்ததில்லை.

"எழுதின புண்ணியவான் ஒருநாள் வந்தா கையைப் பிடிச்சுக் குலுக்கணும்" என்றார் ஆட்டுக்காரர். "எனக்குப் பேச்சுத் துணையே அந்த ஆளாலதான்."

"புண்ணியவானா?" அண்ணி நாத்தனாரின் முதுகில் ஒரு தட்டு தட்டினாள். "இந்தா நிக்குது."

கையை வேட்டியில் துடைக்கப் போனவர், மனம் மாறிக் குழாயடியில் போய்க் கழுவி, துடைத்துக்கொண்டு வந்து நீட்டினார். மீட்டருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. குலுக்கினாள்.

"திருத்திப்புடாதீங்க" என்றார்.

துறைக்கு இறங்கப் பட்டிக்குப் பின்னால் ஒரு தடம் இருந்தது. வண்டி வாசனையே படாத தடம். அண்ணி இந்தத் தடவை பிரேக்கைப் பிடிக்கவில்லை. மீட்டர்தான் பிடித்துக்கொண்டு வந்தாள்.

துறைக்கு வந்தபோது நான்கு பன்னிரண்டு. படகு ஆற்றின் நடுவில் இருந்தது. பதிப்பாளர் டீக்கடை நாற்காலியில், மடியில் இரண்டாம் பதிப்பின் அச்சுப்படியும் கையில் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்.

"போயிடுச்சு" என்றார், வருத்தமாகவே.

"என்னாலதான்" என்றாள் அண்ணி முந்திக்கொண்டு. "சாப்பிட்டதும் கண்ணசந்துட்டேன். புத்தகம் தங்கமான புத்தகம்."

"அண்ணி தூங்கல" என்றாள் மீட்டர். "வழியும் தப்பல. நான் எழுதின மாதிரியே வந்தாங்க. தப்பு என் நிமிஷத்துல."

சொன்னாள். ஆறு நிமிடத்தை, கொக்கை, பெஞ்சை. பதிப்பாளர் அச்சுப்படியைப் புரட்டினார்.

"இந்த நிமிஷக் கணக்கு எத்தனை வழியில இருக்கு?"

"பன்னிரண்டுலயும்."

அவர் பேனாவை மூடினார். "அப்ப இது அச்சுக்குப் போகாது."

"போக வேணாம். எல்லாத்தையும் மறுபடி ஓட்டறேன். நிமிஷத்துக்குப் பதிலா மரம், மதகு, கேட். எங்க இறங்கித் தள்ளணும், எங்க உக்காரலாம், அதுவும்." அவள் அண்ணி பக்கம் கையைக் காட்டினாள். "அண்ணி முன்னால போவாங்க. நான் பின்னால எழுதிக்கிட்டு வருவேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாள் அண்ணி.

பதிப்பாளர் அண்ணியைப் பார்த்தார். வியர்வையில் நனைந்த முகம், முழங்காலில் புல், தலையில் ஒரு சருகு. "வேற ஆள்கிட்ட குடுத்தாலும் அவங்களும் வேகமா ஓட்டறவங்களாத்தான் இருப்பாங்க" என்றார் மெதுவாக. "உங்களுக்குச் சம்மதமாம்மா?"

அண்ணி உட்கார நாற்காலியை இழுத்தாள். உட்காரப் போனவள் முகத்தைச் சுளித்து நின்றுகொண்டாள்.

"ரெண்டு விஷயம். அந்த ஆட்டுப்பட்டி வழியில இருக்கணும்."

"இருக்கும்" என்றாள் மீட்டர். பதிப்பாளரின் பேனாவை வாங்கி, அச்சுப்படியில் ‘சுலபம்’ என்பதை அடித்தாள். பக்கத்தில் எழுதினாள்: பெஞ்ச் ஒன்று.

"ரெண்டாவது?" என்றார் பதிப்பாளர்.

"சீட்டு" என்றாள் அண்ணி. "அதை நானே தச்சுக்கறேன்."