இறந்த ஆண்டுக்கு விட்ட இடம்

அந்தப் பழைய தெருவில் பெயர் பெற்றவர்கள் குடியிருந்த வீடுகளின் முகப்பில் ஒரு கல் பதித்திருக்கும். கடிகாரம் செய்தவர், கப்பல்களுக்கு வரைபடம் போட்டவர், எங்கிருந்தோ தப்பி வந்து ஒளிந்திருந்த கவிஞர் என்று தெருவின் கதை முழுக்கச் சுவரிலேயே இருக்கும். கல்லுக்கு ஒரே நிபந்தனை, ஆள் செத்திருக்க வேண்டும். உயிரோடிருப்பவருக்குக் கல் வைத்துவிட்டு, நாளைக்கு அவர் ஏடாகூடமாக எதையாவது செய்து தொலைத்தால் என்ன செய்வது என்று தெருச் சங்கத்துக்குப் பயம்.

அந்தக் கற்களையெல்லாம் வெட்டியவனுக்கு அதுவரை இந்த விதி உறுத்தியதில்லை. அவனுடைய சித்தி ஒரு காலத்தில் நாடக மேடையை ஆண்டவள். அதே தெருவில் ஒரு மாடி அறையில் இப்போது படுத்த படுக்கை. கண்ணும் மங்கிக்கொண்டு வந்தது.

"எதிர்வீட்டுக் கடிகாரக்காரன் பேரையே இத்தனை வருஷமா பார்த்துட்டிருக்கேன். என் பேரை நான் ஒரு தடவை பார்க்க வேண்டாமாடா?" என்றாள்.

சங்கத் தலைவரிடம் போய்க் கேட்டான். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொன்னார் அவர். சொன்ன பிறகுதான் அது என்ன பேச்சு என்று உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவனே ஒரு கல்லை எடுத்தான். கல்லில் எழுத்தை நிழல்தான் காட்டிக்கொடுக்கும். உளியைச் சாய்த்துப் பிடித்து இருபுறமும் சரிவாக வெட்டினால் நடுவில் பள்ளம் விழும். ஒரு சரிவில் வெளிச்சம் தங்கும், மறு சரிவில் இருட்டு. அந்த வீட்டு முகப்பில் நேர்வெயில் படாது என்பதால் இன்னும் ஆழமாக வெட்டினான். வெட்டுவதற்கு முன்னால் வரியை அளந்து, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் பென்சிலால் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுத்து ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். கை பழக்கத்தில் பிரித்துவிட்டது: பிறந்த ஆண்டு, சின்னக் கோடு, இறந்த ஆண்டு. கோடு வரைக்கும் வெட்டி உளியை நிறுத்தியபோதுதான் உயிரோடிருப்பவளுக்கு இறந்த ஆண்டுக்கும் இடம் விட்டிருப்பது புரிந்தது. வெட்டியதை அழிக்க முடியாது. வேறு கல் வெட்டி முடிக்கும் வரை அவள் இருப்பாளா என்பதும் தெரியாது.

கட்டிலை ஒட்டி நாற்காலியில் கல்லைச் சாய்த்து வைத்தான். சித்திக்குக் கண் எட்டவில்லை, விரலால் படித்தாள். பெயரின் ஒவ்வொரு வளைவிலும் இறங்கி ஏறி, ஆண்டைக் கடந்து, கோட்டைத் தாண்டி, வெறும் கல்லில் போய் விரல் நின்றது.

"இங்க ஒண்ணையும் காணோமே."

அவன் கல்லை எடுக்கக் குனிந்தான்.

"எனக்கு எடம் பிடிச்சு வெச்சிருக்கியாக்கும்." சிரித்தாள். "சரியாத்தான்டா அளந்திருக்கே."

கல்லை எடுத்துப் போய்விடுகிறேன் என்றான். அவள் விடவில்லை. அதன்பிறகு அவன் எப்போது வந்தாலும், பெயரை விட்டுவிட்டு அந்த வெற்றிடத்தையே தடவிக்கொண்டிருப்பாள்.

மழைக்காலம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தாள். சங்கம் உடனே அனுமதி கொடுத்தது. பட்டறையில் கல்லைக் கிடத்தி, ஆண்டைக் குறிக்கப் பென்சிலை வைத்தான். கோடு பிடிக்கவில்லை. விரலின் எண்ணெய் ஊறி அந்த இடம் மட்டும் மினுமினுவென்று இருந்தது. உப்புத்தாளால் நாலு தேய் தேய்த்தால் போய்விடும். எடுத்த உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு, கோடு போடாமலே வெட்டினான்.

இப்போதெல்லாம் அந்த வீட்டு முன்னால் சுற்றுலாக் கூட்டத்தை நிறுத்தும் வழிகாட்டி, நடிகையின் புகழைப் பாடி முடித்துவிட்டு, கடைசி எண்கள் கோணியிருப்பதைக் கைநீட்டிக் காட்டுகிறார். வெட்டினவனுக்கு வீட்டுக்குப் போக அவசரம் போலிருக்கிறது என்பார். கூட்டம் சிரிக்கும். ஒருமுறை கல்வெட்டுகிறவனும் பின்னால் நின்று கேட்டான்.