வாளியில் இருந்த இரண்டாவது பெயர்

மூன்றாம் மாடிக் கழிவறையில் மஞ்சள் கறை அப்படியே இருக்கிறது என்று சூப்பர்வைசர் காலையிலேயே கத்திவிட்டுப் போயிருந்தார். அந்த அலுவலகத்தில் துப்புரவு வேலை பார்க்கும் அம்மா ஆசிட் ஊற்றித் தேய்த்தாள். கறை அசையவில்லை. இரண்டையும் சேர்த்தால் போய்விடும் என்று பிளீச்சிங் திரவத்தையும் அதே வாளியில் கவிழ்த்தாள். இரண்டுமே பழைய குடிதண்ணீர் பாட்டில்களில்தான் இருந்தன. மேலே ஓர் எழுத்துகூட இல்லை. ஜன்னலும் திறக்காது. ஏசி குளிர் வெளியே போய்விடுமாம். கொஞ்ச நேரத்தில் அம்மா மூச்சுத் திணறி அங்கேயே விழுந்தாள்.

மகள் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள், அதுவும் வேதியியல். அம்மாவின் சேலையில் அடித்த வாடையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. பச்சை கலந்த மஞ்சள் வாயு. காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். குனிந்து தேய்க்கிறவளின் மூக்கும் அங்கேதானே இருக்கும்?

"படிக்காத ஜனங்கம்மா. எதை எதோட கலக்கறதுன்னே தெரியல" என்றார் கூட வந்திருந்த சூப்பர்வைசர்.

"நீங்க படிச்சவர்தானே சார்? பாட்டில்ல ஒரு வரி எழுத கை சுளுக்கிக்கிச்சா?"

அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டே நழுவினார்.

அம்மா ஆக்சிஜன் முகமூடியை விலக்கினாள். "எனக்கு என்னடி ஆச்சு?"

"குளோரின்மா."

"நம்ம குளோரினா?" அம்மாவின் கண்கள் விரிந்தன. "ரெண்டாவதா வருமே, அதுவா?"

பரீட்சை சமயத்தில் அடுப்படியில் உட்கார்ந்து மகள் உருப்போட்ட தனிமங்களின் வரிசையைக் கேட்டுக் கேட்டே அம்மாவுக்கும் மனப்பாடமாகியிருந்தது. மகள் தடுமாறினால் எடுத்துக்கொடுப்பாள்: "ஃப்ளூரின், குளோரின், புரோமின், அயோடின். மேலேர்ந்து கீழ வர வர வேகம் குறையும். சரிதானே டீச்சரம்மா?" இருவரும் சிரிப்பார்கள். அப்போதும் அம்மாவின் கையில் இதே வாடைதான். "தள்ளி உக்காரும்மா, நாத்தம் அடிக்குது" என்றுதான் மகள் சொல்லியிருக்கிறாள்.

"அதெல்லாம் புத்தகத்துல மட்டும் இருக்கறதுன்னு நெனச்சேன்..." அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "நாலு பேரையும் தெரிஞ்சு வெச்சிருந்தேனே. என் வாளியிலயும் அது வரும்னு ஒரு வார்த்தை சொல்லலியேடி."

திட்டியிருந்தால்கூட மகள் தாங்கியிருப்பாள். அம்மா திட்டவில்லை. நான்காம் நாள் அந்த மூச்சு நின்றுபோனது.

காரியங்கள் முடிந்த மறுவாரம் மகள் அந்த மூன்றாம் மாடிக்குப் போனாள். அம்மாவின் துடைப்பத்தோடு வேறொரு அக்கா நின்றிருந்தாள். மகள் பாட்டில்களை முகர்ந்து பார்த்து, பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'ஆசிட்.' 'பிளீச்சிங்.' இரண்டிலும் கீழே: 'ஒன்றாகக் கலந்தால் உயிர் போகும்.'

"யாரைக் கேட்டு இதுல கை வெக்கற?" என்று சூப்பர்வைசர் பாய்ந்து வந்தார்.

"யாரையும் கேக்கல சார். நீங்க எழுதல, நான் சொல்லல. நம்ம ரெண்டு பேர் படிப்பும் சேர்ந்துதான் எங்கம்மாவக் கொன்னுச்சு. வீட்டுல இருக்கறவங்களுக்கே எடுத்துச் சொல்லாத படிப்பு, எவ்வளவு மார்க் வாங்கினாலும் படிப்பே இல்ல."

பிறகு அந்த அக்காவின் பக்கம் திரும்பினாள். "உக்காருங்கக்கா. இந்த ரெண்டு பாட்டில்லயும் என்ன இருக்குன்னு சொல்றேன்."