ஊப்பா!

1

இந்தக் கதை ஒரு சொல்லுக்கு ஆசைப்பட்டுத் தொடங்கியது. முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ‘ஊப்பா!’ போர்த்துகீசியச் சொல். விழுந்த குழந்தையைத் தூக்கும்போதும், படுத்த விலங்கை எழுப்பும்போதும் சொல்வது. ‘எழுந்திரு’ என்பது பாதிப் பொருள். ‘நானும் தூக்குகிறேன்’ என்பது மீதி.*

*மீதி அகராதியில் இல்லை. என் பேராசை.

2

1979. செந்துறையில் பலத்த மழை பெய்துகொண்டு...

வேண்டாம். வானம் பார்த்த செந்துறையில் பொய்மழை பெய்விப்பது பாவம். நல்ல வெயில். உண்ணாமலையின் பசு வெள்ளச்சி நேற்றுக் கன்று ஈன்றது. பிறகு எழவே இல்லை. மாட்டு டாக்டர் ஊசி போட்டுவிட்டுச் சொன்னார்: “பொழுது சாயறதுக்குள்ள தூக்கி நிறுத்துங்க. இல்லன்னா பொழைக்காது.” தெருவே கடலை பிடுங்கப் போயிருந்தது.

3

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் எந்திரம் பழுதுபார்க்கும் கோவாக்காரர் கயித்தான் சைக்கிளை நிறுத்தினார். “அம்மா, தூக்கணும். நாலு ஆள் வேணும்.”

பக்கத்து வீட்டுச் சாமிதுரை இருக்கிறார். ஆனால் அவருடைய ஆடு உண்ணாமலையின் கத்தரிச் செடியைத் தின்றதிலிருந்து மூன்று வருடமாகப் பேச்சில்லை. வேலியோரம் நின்று அவர் கொடூரமாகச் சிரித்...

(அடித்துவிட்டேன். அப்படி எழுதிய கை கூசுகிறது. ஏனென்றால் வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டுப் பச்சைப்புல் கிடக்கிறது. சத்தியமாக நான் போடவில்லை.)

“யாரு போட்டது இந்தப் புல்ல?” என்றாள் உண்ணாமலை, வானத்தைப் பார்த்து.

“காத்துல வந்து வுழுந்திருக்கும்” என்றது வேலி.

“கயிறு போட்டுக் கட்டிக்கிட்டா வரும் காத்து?”

“மாட்டுக்குப் போட்டா மனுசிக்கு ஏன் வலிக்குது?”

“வாய் பேசுனது போதும். வந்து ஒரு கை குடுங்க!”

மூன்று வருடம் அந்த ஒரு வரியில் முடிந்தது. சாமிதுரை வேலியைத் தாண்டியபோது வேட்டி முள்ளில் மாட்டிக்கொண்டது. உண்ணாமலை சிரித்துவிட்டாள். எனக்கும் எழுத்து தடுமாறுகிறது.

4

கோணிப்பையை வயிற்றுக்கடியில் நுழைத்தாயிற்று. நான்கு முனை, மூன்று பேர். வெள்ளச்சி எழுந்தாள் என்று ஒரு முடிவு எழுதினேன். மூன்று பேரால் முடியாது, பொய். எழவில்லை என்று எழுதக் கடவுள் விடவில்லை.

“ஏங்க, எழுதிக்கிட்டே நின்னா எப்படி? ஒரு முனை சும்மா கெடக்கு!” உண்ணாமலை என்னைத்தான் கேட்கிறாள். எழுதுகிற கையை நான் எடுத்தால் கதை நின்றுவிடும்.

உங்கள் கை?

பின்னங்கால் பக்கம், இடது முனை. சாணி இருக்கிறது, பார்த்து நில்லுங்கள். கன்று உங்கள் முழங்காலை முட்டும், பொருட்படுத்தாதீர்கள். பிடித்துவிட்டீர்களா?

கயித்தான் மூச்சை இழுத்துவிட்டார். “ஊ...”