துரைக்கு ஆகாத செடி

நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது என் தொழில். என் மனைவிக்கும் அக்காவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட என்னை எடுக்கத்தான் ஆள் இல்லை.

இந்தத் தடவை வினை ஒரு சின்னத் தொட்டிச் செடியாக வந்தது. ஒரு வருஷமாக எங்கள் வாசலை மிதிக்காத அக்கா, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவதாகச் சொல்லி, முன்கூட்டியே அத்தானிடம் அதைக் கொடுத்தனுப்பியிருந்தாள். தடித்த பச்சை இலை, அதில் வெள்ளை வரி. மனைவி செடியைப் பார்த்தாள். பிறகு சோபாவில் மல்லாந்து கிடந்த எங்கள் பூனையைப் பார்த்தாள். அதைத் துரை என்றுதான் கூப்பிடுவோம். வேலை வெட்டி கிடையாது, அதிகாரம் மட்டும் உண்டு.

“இது விஷச் செடிங்க. பூனை இருக்கற வீடுன்னு தெரிஞ்சேதான் உங்க அக்கா அனுப்பிருக்காங்க.”

செடியைத் தூக்கிக்கொண்டு மிருக டாக்டரிடம் போனேன். இருமுகிற நாய்களுக்கு நடுவே மடியில் தொட்டியோடு உட்கார்ந்திருந்த ஒரே மனிதன் நான்தான்.

“கத்தாழைன்னு நினைச்சிட்டீங்களா?” என்றார் டாக்டர். “அதுதான் பூனைக்கு ஆகாது. இது அதோட ஜாடை, ஆனா வேற செடி. கடிச்சாலும் பயமில்ல.”

மனைவி மசியவில்லை. “அவருக்கு என்ன தெரியும்? துரைக்கு உடம்பு சரியில்லன்னு போனப்ப, கொழுப்புன்னு சொன்னவருதானே?” தொட்டி பால்கனிக்கு, வாஷிங் மெஷின் பக்கத்துக்குப் போனது. “ஞாயித்துக்கிழமை வரட்டும், நானே கேக்கறேன்.”

கேட்டால் அக்கா எழுந்து போய்விடுவாள். இந்தத் தடவை ஒரு வருஷத்தோடு நிற்காது.

ஞாயிறன்று பால்கனிப் பக்கம் போன அக்கா, “செடி ஏன் இங்க கிடக்கு?” என்றாள்.

“பூனை இருக்கற வீட்டுக்கு விஷச் செடி அனுப்பினா, வேற எங்க வைக்கறது அண்ணி?”

“விஷமா? ஏம்மா, இது நீ குடுத்த செடியோட குட்டிதானே. நாங்க வீடு மாறினப்ப வாங்கிட்டு வந்தியே, மறந்துட்டியா? உனக்கே ஒண்ணு இருக்கட்டுமேன்னு அனுப்பினேன்.” அக்கா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். “அப்போ எங்க வீட்ல ரெண்டு பூனை இருக்கறது உனக்குத் தெரியும்ல?”

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே உடைத்தது யார் என்பதே மாறிப் போயிருந்தது. மனைவியின் கண்கள் வீடு முழுக்கத் தேடி, என் மேல் வந்து நின்றன.

“ஐயோ அண்ணி, டாக்டரே ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிட்டாரு. இவர்தான் விஷம் விஷம்னு வீட்டையே ரெண்டு பண்ணினாரு.”

அக்கா என்னைப் பார்த்தாள். பை தோளிலேயே இருந்தது.

“ஆமாக்கா, நான்தான் சொன்னேன்.”

“சின்ன வயசுலேர்ந்தே இவன் இப்படித்தான்மா. எதையாவது அரைகுறையா தெரிஞ்சுக்கிட்டு ஊரைக் கலக்குவான்.” பை கீழே இறங்கியது.

“இப்பவும் அதேதான் அண்ணி.” மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

சாப்பிட்டு முடிக்கும்வரை இருவரும் மாறி மாறி என் மானத்தை வாங்கினார்கள். கல்யாணம் ஆனதிலிருந்து அவர்கள் ஒரே கட்சியில் நின்று நான் பார்த்ததில்லை. சத்தியமாகச் சந்தோஷமாக இருந்தது. செடியும் மேசை நடுவுக்கு வந்துவிட்டது.

துரை மேசைமேல் ஏறி, முகர்ந்து பார்த்து, ஒரு இலையைக் கடித்தது.

மனைவி பாதி எழுந்தாள். அக்கா பார்ப்பது தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டாள். “கடிக்கட்டும் அண்ணி, வெறும் இலைதானே,” என்று சிரித்தாள். மேசைக்கு அடியில் அவள் என் காலை மிதித்த மிதியில் கத்தியது நான்தான்.