சுலோச்சனாவின் பாஸ்வேர்டு

1988 ஜனவரியில் ஸ்ரீ வேதகிரி சர்க்கரை ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற சாலையில் ஆலை. கம்ப்யூட்டரில் யார் எதைப் பார்க்கலாம், யார் எதை மாற்றலாம் என்று தீர்மானிப்பது என் வேலை. எவருடைய கரும்பை எந்தத் தேதியில் வெட்டுவது என்ற கட்டிங் ஆர்டரைத் திருத்தும் உரிமையைக் கிளார்க் சுலோச்சனா ஒருத்திக்கு மட்டும் கொடுத்திருந்தேன்.

மார்ச் மாதம் வீராசாமி என்ற விவசாயி வந்து கத்தினார். அவருடைய முறை பதினைந்து நாள் தள்ளிப்போயிருந்தது. யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற கம்ப்யூட்டர் பதிவை அச்செடுத்துப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை காலை, சுலோச்சனாவின் பெயரில் தேதி மாற்றப்பட்டிருந்தது.

மேனேஜர் ராஜாராம் அந்தத் தாளை ஒரு முறைதான் பார்த்தார்.

"முதல்ல கம்ப்யூட்டர்ல அவ பேரைப் பூட்டு. சாயங்காலத்துக்குள்ள சஸ்பெண்ட் ஆர்டர் போயிடணும்."

ஒரு வரி தட்டினேன், பூட்டிக்கொண்டது. சற்று நேரத்தில் அவளே என் அறைக்கு வந்தாள்.

"மூணு தபா அடிச்சேன் சார். உள்ளே வுட மாட்டேங்குது."

"நான்தாம்மா பூட்டினேன்." தாளை நீட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செவ்வாக்கிழமை நான் லீவு சார். தங்கச்சி மவளுக்குக் காதுகுத்து. சார்ஜ் எல்லாம் பஞ்சாட்சரம் சாராண்ட குடுத்துட்டுத்தான் போனேன்."

"சாவி குடுப்பீங்க. பாஸ்வேர்டையுமா குடுத்தீங்க?"

"அது இல்லாம அவர் எப்படி வேலை பார்ப்பாரு?"

சார்ஜ் நோட்டை எடுத்து வந்து விரித்தாள். பீரோ சாவி 2. ரப்பர் ஸ்டாம்பு 1. ஸ்கேல் 1. பாஸ்வேர்டு 1. பக்கத்திலேயே அந்தச் சொல்லும், அவள் ஊர் அம்மன் பெயர், குண்டு குண்டான எழுத்தில். ஒப்படைத்தவர் கையெழுத்து, பெற்றுக்கொண்டவர் கையெழுத்து. அடியில் என் கையெழுத்து. முன்பக்கங்களைப் புரட்டினேன். அவள் லீவு போட்ட நான்கு முறையும் அப்படியே இருந்தது. நான்கிலும் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

பஞ்சாட்சரத்தைக் கூப்பிட்டேன்.

"இன்னா சார், அந்த நோட்டையெல்லாம் கூடவா படிக்கிறீங்க?" என்று சிரித்துக்கொண்டே வந்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "மச்சான் கரும்பு சார். கிணத்துல தண்ணியில்ல, காஞ்சிக்கினு கீது. அதை முன்னாடி வெச்சிட்டு வீராசாமிதைப் பின்னாடி தள்ளினேன். இந்தம்மா பேர்ல வுழும்னு சத்தியமா தெரியாது சார்."

பொய்யாகத் தோன்றவில்லை. தன் கைக்கு வந்த சாவியால் ஒரு பீரோவைத் திறந்ததாகத்தான் அவர் நினைத்திருக்கிறார்.

நோட்டைக் காட்டினால் சுலோச்சனாவின் வேலை தப்பும்; படிக்காமல் போட்ட என் கையெழுத்தும் வெளியே வரும். என் வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே எடைமேடையில் ஒரு லாரி ஏறி இறங்கிப் போயிற்று.

பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். பஞ்சாட்சரமும் பின்னாலேயே வந்து, நடந்ததைத் தானே சொன்னார். ராஜாராம் என் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"படிக்காமலா போட்டே?"

"ஆமாம் சார்."

டைப் அடித்துத் தயாராக இருந்த ஆர்டரில் சுலோச்சனாவின் பெயரை அடித்துப் பஞ்சாட்சரத்தின் பெயரை எழுதினார். எனக்கு ஒரு மெமோ. நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போயிற்று.

திரும்பி வந்து அவள் பெயரைத் திறந்தேன்.

"புதுசா ஒண்ணு போடுங்கம்மா. யாருக்கும் சொல்லாதீங்க. லீவு போட்டா முன்னாடியே சொல்லுங்க, வர்றவங்களுக்குத் தனியா ஒரு பேர் தர்றேன்."

தலையசைத்தாள். விரல்கள் விசைகளின் மேல் இருந்தன, தட்டவில்லை. என்ன யோசனை என்று கேட்க வாயெடுத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் புரிந்தது. நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.